உலோகத்தை வைத்துப் புற்றுநோய் மருந்தா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் கனிம வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே லாஸ்பேட்டை, கடலூர், சிதம்பரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் தம்பி தங்கைகள் வாட்ஸ்அப்பில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். நடுவில் சொந்தக்காரர்களும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலிக்கிறது, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதிலை இங்கே எழுதி வைத்துவிட்டேன். ஒன்று மட்டும்: நான் டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உலோகம்னாலே விஷம்தானே அக்கா, அதை எப்படி மருந்தாக்குறாங்க?

உங்கள் ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, வைட்டமின் பி12-ல் கோபால்ட் இருக்கிறது, உடம்பில் எத்தனையோ நொதிகள் துத்தநாகம் இல்லாமல் ஓடாது. அதனால் உலோகம் என்றாலே விஷம் என்று சொல்ல முடியாது. அது எந்த நிலையில் இருக்கிறது, அதோடு என்ன ஒட்டியிருக்கிறது, எவ்வளவு உள்ளே போகிறது, இவைதான் முக்கியம்.

பிளஸ் டூவில் அணைவுச் சேர்மம், ஈனி என்று படித்திருப்பீர்கள். நடுவில் ஒரு உலோக அயனி, சுற்றிலும் அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள், அவைதான் ஈனிகள். மருந்து வடிவமைப்பு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த ஈனிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். எது உலோகத்தை விட்டு விலக வேண்டும், எப்போது விலக வேண்டும், எது கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் பாதி உழைப்பு போகிறது.

சிஸ்பிளாட்டின் சிஸ்பிளாட்டின்னு எல்லா பேப்பர்லயும் வருதே, அது என்ன?

ஒரு பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு, அவ்வளவுதான். கார்பனே கிடையாது. 1844-லேயே பெய்ரோனே என்ற இத்தாலிய வேதியியலர் இதைத் தயாரித்துவிட்டார், 1893-ல் ஆல்ஃபிரட் வெர்னர் இதன் வடிவத்தைச் சரியாக ஊகித்தார். ஆனால் தயாரித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இது மருந்தாகும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் செல் பிரிதலைப் பாதிக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எதோடும் வினைபுரியாது என்று நம்பித்தான் பிளாட்டினம் மின்முனைகளைப் போட்டார். பாக்டீரியாக்கள் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயின, வழக்கத்தைவிட முந்நூறு மடங்கு வரை. ஆனால் காரணம் மின்சாரம் இல்லை. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம், கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து உருவான சேர்மங்கள்தான் அதைச் செய்தன. இது 1965-ல் வெளிவந்தது. 1969-ல் எலிகளின் கட்டிகள் இதனால் சுருங்குவதைக் காட்டினார்கள், 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. விரைப்புற்று உடம்பில் பரவிவிட்டால் பெரும்பாலும் மரணம்தான் என்றிருந்த நிலை மாறி, பெரும்பாலோர் குணமாகும் நிலை வந்ததற்கு முக்கியக் காரணம் இந்த மருந்து.

செல்லுக்குள்ள போய் அது என்னதான் பண்ணுது?

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கீழே பல இடங்களில் இதற்குத்தான் திரும்பி வருவேன்.

ரத்தத்தில் குளோரைடு அதிகம், ஏறக்குறைய 100 மில்லிமோலார். அதனால் பிளாட்டினத்தோடு ஒட்டியிருக்கும் குளோரைடுகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரைடு ஒவ்வொன்றாக விலகி, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். உடம்பு வெப்பநிலையில் முதல் குளோரைடு போக, பாதி வாழ்காலக் கணக்கில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். தண்ணீர் சேர்ந்த அந்த வடிவம்தான் உண்மையில் வேலை செய்கிறது. அது டிஎன்ஏவில் குவானினின் என்7 நைட்ரஜனைப் பிடிக்கும், அப்புறம் பெரும்பாலும் பக்கத்துக் குவானினையும் பிடிக்கும். டிஎன்ஏ அந்த இடத்தில் மடங்கிவிடும். மடங்கிய டிஎன்ஏவைப் படியெடுக்க முடியாமல், சரிசெய்யவும் முடியாமல் போனால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

வேகமாகப் பிரியும் செல்களுக்கு அடி அதிகம் என்பதால் கட்டி சுருங்குகிறது. அதே காரணத்தால்தான் வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் அடிபடுகின்றன.

சிஸ் வேலை செய்யுது, டிரான்ஸ் ஏன் செய்யல? ரெண்டும் ஒரே ஃபார்முலாதானே?

ஃபார்முலா ஒன்றுதான், ஆனால் சிஸ்ஸில் இரண்டு குளோரைடும் பக்கத்தில் பக்கத்தில், டிரான்ஸில் எதிரெதிரே. விலகும் இரண்டு குளோரைடும் எதிரெதிரே இருந்தால் ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைப் பிடிக்க எட்டாது. அது போடும் பிணைப்புகள் வேறு மாதிரி, செல்லும் அவற்றை வேறு மாதிரி கையாள்கிறது. தவிர டிரான்ஸ் வடிவம் வினைவேகம் கூடியது, வழியிலேயே மற்றவற்றோடு ஒட்டிவிடும்.

தயாரிப்பிலேயே இதைக் கவனிக்க வேண்டும். டெட்ராகுளோரோபிளாட்டினேட்டிலிருந்து (நான்கு குளோரைடு ஒட்டிய பிளாட்டினம்) ஆரம்பித்து அம்மோனியா சேர்த்தால், குளோரைடின் டிரான்ஸ் விளைவு (தனக்கு எதிரே இருக்கும் ஈனியைத் தளர்த்தும் தன்மை) அம்மோனியாவைவிட அதிகம் என்பதால் சிஸ் கிடைக்கும். டெட்ரா அம்மைனிலிருந்து ஆரம்பித்துக் குளோரைடு சேர்த்தால் டிரான்ஸ். வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். இன்றும் ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அயோடைடு வழித் தயாரிப்பு தாரா என்பவர் பெயரில் வழங்குகிறது, 1970-ல் நம் இந்தியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரியில் வந்தது. இதை எந்த மாணவரிடம் சொன்னாலும் "அப்படியா!" என்கிறார்கள்.

எங்க மாமாவுக்கு ஜிப்மர்ல இந்த ஊசிதான். ஏன் பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்துறாங்க?

இரண்டு காரணம். சலைன் என்பது சோடியம் குளோரைடு கரைசல், அதில் இருக்கும் குளோரைடு மருந்தை விலகாமல் பிடித்து வைக்கிறது (மேலே சொன்ன அதே கதைதான்). இன்னொன்று, சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தண்ணீர் நிறைய ஓடினால்தான் அங்கே தேங்காமல் வெளியேறும். மக்னீசியமும் உடம்பிலிருந்து இறங்கிவிடும் என்பதால் அதையும் சேர்த்து ஏற்றுவார்கள்.

காதில் இரைச்சல், பேச்சு சரியாகக் கேட்காதது, கைகால் மரத்துப்போவது, சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தடவை போகும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள். "வயசானா அப்படித்தான்" என்று மாமாவே விட்டுவிடுவார், அது நம் ஊர் வழக்கம்.

அப்போ கார்போபிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் எல்லாம் என்ன வித்தியாசம்?

ஈனிகளை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இவை இரண்டையும்விட நல்ல உதாரணம் இல்லை. கார்போபிளாட்டினில் இரண்டு குளோரைடுக்குப் பதிலாக வளையமாகப் பிடித்திருக்கும் ஒரு டைகார்பாக்சிலேட். அது மெதுவாகத்தான் விலகும், அதனால் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் சேதம் குறைவு. ஆனால் எலும்பு மஜ்ஜையை அதிகம் அடிக்கும், ரத்த அணுக்கள் குறையும்.

ஆக்ஸாலிபிளாட்டினில் விலகாத பகுதியையும் மாற்றிவிட்டார்கள். அம்மோனியாவுக்குப் பதில் ஒரு சைக்ளோஹெக்சேன் டைஅமின். சிஸ்பிளாட்டின் பெரிதாகப் பயன்படாத பெருங்குடல் புற்றில் இது வேலை செய்கிறது. டிஎன்ஏ சேதத்தைவிட ரைபோசோம் உற்பத்தியைக் குலைப்பதுதான் இதன் முக்கிய வழி என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. இதைச் சலைனில் கலக்கக் கூடாது, குளோரைடு இதைச் சிதைத்துவிடும், டெக்ஸ்ட்ரோஸில்தான் ஏற்றுவார்கள். சிஸ்பிளாட்டினைக் காப்பாற்றும் அதே உப்பு இதைக் கெடுக்கிறது! இந்த மருந்து ஏறியவர்களுக்குக் குளிர்ச்சி பட்டால் விரலிலும் தொண்டையிலும் ஊசி குத்துவது போல இருக்கும், எவ்வளவு வெயிலடித்தாலும் ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

பிளாட்டினம் விலை அதிகம்ங்கிறதாலதானே காப்பர், நிக்கல்னு போறோம்?

ப்ராஜெக்ட்டைப் பொறுத்தவரை ஆமாம், ஒளிக்க ஒன்றுமில்லை. டிபார்ட்மென்ட் அலமாரியில் காப்பர் அசிடேட் இருக்கும், பிளாட்டினம் உப்பு இருக்காது. ஆனால் மருந்தின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிஸ்பிளாட்டின் காப்புரிமை முடிந்த பழைய மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

வேறு உலோகம் தேடுவதற்கு உண்மையான காரணங்கள் பக்கவிளைவும் எதிர்ப்புத்தன்மையும். புற்றுநோய் செல் சும்மா இருக்காது. மருந்தை உள்ளே விடுவதைக் குறைக்கும், குளுட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்களை வைத்துப் பிளாட்டினத்தைப் பிடித்துப் போடும், மடங்கிய டிஎன்ஏவை வெட்டிச் சரிசெய்துகொள்ளும். வேறு இலக்கைத் தாக்கும் உலோகம் கிடைத்தால் இந்த வழிகள் அதற்கு எதிராக உதவாமல் போகலாம் என்பது எதிர்பார்ப்பு. இன்ட்ரொடக்ஷனில் "விலை மலிவு" என்று எழுதுவதற்கு இதை எழுதுங்கள்.

சரி, எந்த உலோகம் எடுத்தா நல்லது?

முதலில் பார்க்க வேண்டியது ஈனி மாறும் வேகம். காப்பர் 2+ அயனியைச் சுற்றியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒரு நொடிக்குள் பல கோடித் தடவை மாறிவிடும், ஷேர் ஆட்டோவில் ஆள் ஏறி இறங்குவது மாதிரி. பிளாட்டினத்தில் அதற்கு மணிக்கணக்கு ஆகும். செல் பிரியவும் அதே அளவு நேரம் பிடிக்கும் என்பதால்தான் பிளாட்டினம் பொருந்தி வருகிறது. ருத்தீனியமும் இந்த வேகத்தில் வருவது, அதனால்தான் அதன் மேல் அத்தனை ஆசை.

டைட்டானியம் கதை ஒரு எச்சரிக்கை. பூடோடைட்டேன், டைட்டனோசீன் டைகுளோரைடு இரண்டும் எலியில் நன்றாக வேலை செய்தன, மனிதச் சோதனைவரை போயின. ஆனால் தண்ணீர் பட்டதும் சிதைந்துபோகும், கடைசியில் எது மருந்து என்றே சொல்ல முடியாத நிலை, கைவிட்டார்கள். காப்பர் பக்கம் மெக்சிகோவில் கேசியோபீனா என்ற வரிசையை வருஷக்கணக்காக வளர்த்திருக்கிறார்கள், அதனால் காப்பர் வீண் என்று சொல்லமாட்டேன். காப்பரை எடுத்தால் இரண்டு மூன்று இடங்களில் சேர்த்துப் பிடிக்கும் ஈனி வேண்டும், அவ்வளவுதான்.

ருத்தீனியம் மருந்து இன்னும் கடைக்கு வரலையா?

புற்றுநோய்க்கு இன்னும் வரவில்லை. நாமி-ஏ என்பது கட்டியைவிட அது பரவுவதைத் தடுக்கும் என்று நம்பி மனிதச் சோதனைக்குப் போனது, வலியோடு கொப்புளங்கள் வந்தன, பலனும் போதவில்லை, நின்றுவிட்டது. வியன்னாவில் பிறந்த கேபி1019-ன் சோடியம் உப்பு வடிவம் போல்டு-100 என்ற பெயரில் மனிதச் சோதனைகளுக்குப் போனது. ஒளி பட்டால் மட்டும் வேலை செய்யும் டிஎல்டி1433 என்ற ருத்தீனியம் சேர்மத்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்குச் சோதித்திருக்கிறார்கள்: மருந்தைப் பைக்குள் விட்டுக் கழுவிவிட்டு, உள்ளே பச்சை ஒளியைச் செலுத்துகிறார்கள். ஒளி படாத இடத்தில் மருந்து சும்மா கிடக்கும். எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விளக்கில் பதில், எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

எல்லாரும் ஷிஃப் பேஸ்தான் பண்றாங்க, நானும் அதையே பண்ணலாமா?

பண்ணலாம், காரணம் புரிந்து பண்ணுங்கள். ஆல்டிஹைடும் அமினும் சேர்ந்து உருவாகும் ஈனிதான் ஷிஃப் பேஸ். சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமினையும் எத்தனாலில் ரிஃப்ளக்ஸ் செய்தால் பெரும்பாலும் மஞ்சளாக விழும், அதில் உலோக உப்பைச் சேர்த்தால் நிறம் மாறும், ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 1620 பக்கத்தில் இருந்த இமின் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை கொஞ்சம் கீழே நகரும். சுலபம், மலிவு, வேண்டிய இடத்தில் வேண்டிய குழுவைச் சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால் அந்த இமின் பிணைப்பு தண்ணீரில், அதுவும் கொஞ்சம் அமிலம் இருந்தால், திரும்ப உடையும். செல் மேல் ஊற்றியது அணைவுச் சேர்மமா, உடைந்த ஆல்டிஹைடா என்று பார்க்காமல் முடிவு எழுதுகிறவர்கள் நிறைய.

அதனால் ஈனியைத் தனியாக, உலோக உப்பைத் தனியாகச் சோதித்து மூன்றையும் ஒப்பிடுங்கள். ஈனியே அதே அளவு செல்லைக் கொன்றால் உலோகத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஐஆர்ல 3400-ல பெரிய பட்டை வருது, ஒட்டியிருக்கற தண்ணின்னு எழுதிடலாமா?

எந்த மாதத்தில் எடுத்தீர்கள்? ஐப்பசி கார்த்திகை மழையில், கடலோரத்தில் இருக்கும் நம் ஆய்வகங்களில், பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்தி எடுத்துக் கருவிவரை கொண்டு போவதற்குள் ஓரம் பால் மாதிரி வெளுத்துவிடும். அந்தப் பட்டை உங்கள் சேர்மத்தினுடையது இல்லை, காலாப்பட்டுக் காற்றின் ஈரத்தினுடையது. உப்பை ஓவனில் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத ஜாடியில்) வைத்து, சேர்மம் இல்லாத வெறும் வில்லையையும் அதே நாளில் எடுத்து ஒப்பிடுங்கள். உலோகத்தோடு தண்ணீர் உண்மையிலேயே ஒட்டியிருந்தால் தெர்மோகிராவிமெட்ரியில் (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் சோதனையில்) எடைக்குறைவாகத் தெரியும், தனிம ஆய்விலும் கணக்கு இடிக்காது.

கரையவே மாட்டேங்குது, டிஎம்எஸ்ஓ-ல போட்டுட்டேன். தப்பா?

உங்கள் சேர்மத்துக்குத் தப்பா இல்லையா என்பது அதைப் பொறுத்தது, ஒப்பீட்டுக்கு வைத்த சிஸ்பிளாட்டினையும் அதிலேயே கரைத்திருந்தால் தப்புதான். டிஎம்எஸ்ஓ கந்தகம் உள்ள ஒரு கரைப்பான், அந்தக் கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொள்ளும், மருந்தின் வீரியம் போய்விடும். சிஸ்பிளாட்டினைச் சலைனில்தான் கரைக்க வேண்டும். இது அச்சில் வந்து வருஷங்களாகியும் இன்னும் பல கட்டுரைகளில் இதே வேலையைச் செய்கிறார்கள், படிக்கும்போது எரிச்சலாகவே இருக்கும்.

என்னோட ஐசி50 சிஸ்பிளாட்டினைவிடக் கம்மி அக்கா! அப்போ என்னோடதுதானே பெட்டர்?

ஐசி50 என்பது செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு, கம்மி என்றால் வீரியம் அதிகம். ஆனால் முதலில் மேலே உள்ள டிஎம்எஸ்ஓ பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். வீரியம் போன சிஸ்பிளாட்டினை ஜெயிப்பது பெரிய காரியமில்லை.

அடுத்தது நேரம். சிஸ்பிளாட்டின் மெதுவானது, 24 மணி நேரத்தில் ஒப்பிட்டால் அது மோசமாகத்தான் தெரியும், 72 மணி நேரமும் பாருங்கள். அப்புறம் உங்கள் சேர்மத்தின் நிறம்: எம்டிடி சோதனையில், உயிரோடு இருக்கும் செல்கள் எம்டிடி என்ற சாயத்தை ஒடுக்குவதால் வரும் ஊதா நிறத்தை 570 நானோமீட்டர் பக்கத்தில்தான் அளக்கிறோம், உங்கள் சேர்மமும் அங்கேயே ஒளியை உறிஞ்சினாலோ எம்டிடியைத் தானே ஒடுக்கினாலோ கணக்கு தப்பும். சோதனைத் தட்டில் செல் இல்லாத குழிகளிலும் சேர்மத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியாக நல்ல செல். ஹீலா, எம்சிஎஃப்-7 என்ற புற்றுநோய் செல்களைக் கொன்றது சரி, புற்றுநோய் இல்லாத செல்லையும் அதே அளவில் கொன்றால் அதற்குப் பெயர் மருந்து இல்லை. பினாயில்கூடச் செல்லைக் கொல்லும்.

டாக்கிங்ல மைனஸ் 9 வந்திருக்கு, டிஎன்ஏ-வோட நல்லா ஒட்டுதுன்னு எழுதலாமா?

வழக்கமான டாக்கிங் மென்பொருள், மூலக்கூறு போய்ப் பொருந்தி உட்காருவதை மட்டும்தான் கணினியில் கணக்கிடும், எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லும். குளோரைடு விலகுவது, பிளாட்டினம் குவானினோடு புதுப் பிணைப்பு போடுவது எதுவும் அதற்குத் தெரியாது. சிஸ்பிளாட்டினையே அதில் போட்டால் சுமாரான எண்தான் வரும், அதை நம்பியிருந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டிருப்போம். தவிர பல உலோகங்களுக்கு அதில் சரியான அளவுருக்கள் இல்லை. படம் அழகாக இருக்கும், பின்னிணைப்பில் வையுங்கள்.

தங்க பஸ்பம் சாப்பிட்டா புற்றுநோய் போகும்ங்கிறாங்க, தங்கத்துலயும் மருந்து இருக்காமே?

தங்கத்தில் மருந்து இருக்கிறது, ஆரனோஃபின். 1985-ல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி வாங்கியது. தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது, அதனால் புற்றுநோய்க்கும் சோதித்துப் பார்க்கிறார்கள், அனுமதி இன்னும் இல்லை. ஆனால் ஆரனோஃபினில் இருப்பது பாஸ்பீனும் கந்தகமும் பிடித்திருக்கும் தங்க 1+ அயனி. பஸ்பத்தில் இருக்கும் தங்கம் வேறு நிலையில் இருப்பது, ஒன்றின் ஆய்வை இன்னொன்றுக்குச் சாட்சியாகக் காட்ட முடியாது.

கீமோ ஓடிக்கொண்டிருப்பவர் பஸ்பம், செந்தூரம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே பிளாட்டினத்தோடு போராடிக்கொண்டிருக்கும். (செப்புக் குடத்துத் தண்ணீர் பற்றியும் கேட்கிறார்கள். அதனால் புற்றுநோய் வராமலும் போகாது, வந்தது போகவும் போகாது.)

ஆர்சனிக்கை மருந்தா கொடுக்கறாங்கன்னு சார் சொன்னாரு. வெள்ளைப் பாஷாணமா?!

அதேதான், ஆர்சனிக் டிரையாக்சைடு. கறாராகச் சொன்னால் ஆர்சனிக் உலோகம் இல்லை, உலோகப்போலி. சீனாவில் ஹார்பின் நகரில் தொடங்கிய வேலை, 2000-ல் அமெரிக்க அனுமதி. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ஒரு குறிப்பிட்ட ரத்தப் புற்றில், நோய்க்குக் காரணமான ஒரு கலப்புப் புரதத்தை இது நேராகப் பிடித்துச் சிதைய வைக்கிறது. வைட்டமின் ஏ வகை மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலோரைக் குணமாக்குகிறார்கள். இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். வேறு புற்றுநோய்களில் இந்த மாதிரி பலன் கிடையாது.

சப்மிஷனுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கூடுதலா ஒரே ஒரு டெஸ்ட் பண்ணலாம்னா எது?

தாங்கும் சோதனை, அதாவது சேர்மம் கரைசலில் உடையாமல் தாங்குகிறதா என்று பார்ப்பது. காசு செலவே இல்லை, ஒளி உறிஞ்சுதலை அளக்கும் யூவி கருவி இருந்தால் போதும். சேர்மத்தைச் செல் சோதனைக்குப் பயன்படுத்தும் அதே கரைப்பானில் கரைத்து, 7.4 பிஎச் உள்ள பாஸ்பேட் பஃபரில் சேர்த்து, 37 டிகிரியில் வைத்து, முதல் நாள் மணிக்கொரு தடவை, அப்புறம் 24, 48, 72 மணியில் நிறமாலை எடுங்கள். இன்னொரு குப்பியில் குளுட்டாதயோன் சேர்த்து இதையே செய்யுங்கள். செல்லுக்குள் அது மில்லிமோலார் அளவில் இருக்கிறது, அதனால் சேர்மத்தைவிடப் பல மடங்கு அதிகமாகப் போடுங்கள்.

கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் சேர்மம் அப்படியே இருக்கிறது. உலோகப் பட்டை கரைந்து ஈனியின் பட்டை மட்டும் எழுந்தால் உடைந்துவிட்டது. ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் ஏதோ ஒன்று ஒழுங்காக வேறொன்றாக மாறுகிறது, அதை மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறு எடையைக் காட்டும் நிறமாலை) எடுத்துப் பாருங்கள். குப்பியின் அடியில் வண்டல் விழுந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள், கருவி அதைச் சொல்லாது.